நிர்வாக சேவைப் பரீட்சையும் நடப்பு விவகாரமும்: கல்முனைக் கரையிலிருந்து ஒரு கைக்குறிப்பு

வெள்ளிக்கிழமை அஸர் தொழுகை முடிந்ததும் மருதமுனையில் எங்கள் வீட்டு முன்விறாந்தையில் பாய் விரிப்போம். பதினைந்து, இருபது பேர் வருவார்கள். சாய்ந்தமருது, நற்பிட்டிமுனை, நிந்தவூர்ப் பிள்ளைகளோடு பாண்டிருப்பிலிருந்தும் பெரியநீலாவணையிலிருந்தும் சைக்கிளில் வருபவர்களும் உண்டு. எல்லோரும் பட்டதாரிகள். இலங்கை நிர்வாக சேவையின் திறந்த போட்டிப் பரீட்சைக்கு ஆயத்தமாகிறார்கள். நான் பாடசாலை ஆசிரியன். அந்தப் பரீட்சையை இரண்டு தடவை எழுதி இரண்டு தடவையும் தவறவிட்டவன். எங்கே தவறினேன் என்று தெரிந்ததால்தான் வகுப்பு நடத்தத் துணிந்தேன்.

நான் தவறிய இடம் நுண்ணறிவுத் தாள் அல்ல, நடப்பு விவகாரம். செய்தியை மனப்பாடம் செய்தேன், அதன் வேரைப் படிக்கவில்லை. அந்தத் தவறை இன்று எழுதப் போகிறவர்கள் செய்யக்கூடாது என்பதற்காக, வகுப்பில் சொல்வதை ஒழுங்குபடுத்தி இங்கே தருகிறேன்.

இந்தச் சேவை எங்கிருந்து வந்தது

பிரித்தானியர் காலத்தில் நாட்டை நடத்தியது இலங்கை சிவில் சேவை. அதன் போட்டிப் பரீட்சை மூலம் உள்நுழைந்த முதல் இலங்கையர் பொன்னம்பலம் அருணாசலம், ஆண்டு 1875. அதே சேவையில் சேர்ந்த முதல் இலங்கை முஸ்லிம் ஏ.எம்.ஏ. அஸீஸ், 1935இல். யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் பிறந்தவர். 1963 மே 1ஆம் திகதி சிவில் சேவை ஒழிக்கப்பட்டு நிர்வாக சேவை உருவானது.

அஸீஸின் பெயரை நான் வகுப்பின் முதல் நாளே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 1942 ஏப்ரலில் யப்பானிய விமானங்கள் கொழும்பிலும் திருகோணமலையிலும் குண்டு வீசின. பர்மா யப்பானியர் கைக்குப் போனதால் அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசியும் நின்றது. அந்த ஆண்டில் உதவி அரசாங்க அதிபராகக் கல்முனைக்கு அனுப்பப்பட்டவர் அஸீஸ். உணவு உற்பத்தியைப் பெருக்குவதுதான் அவருக்கு இடப்பட்ட வேலை. அதோடு அவர் நிற்கவில்லை. இந்தக் கரையின் வறுமைக்கும் கல்விக்கும் உள்ள தொடர்பைக் கண்டு, அதே 1942இல் கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கத்தை ஆரம்பித்தார். 1945இல் நாடு தழுவிய இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதி வந்தபோது அதற்கு முன்னோடி இந்தக் கல்முனைச் சங்கம்தான். ஒரு நிர்வாக அதிகாரி ஒரு ஊரில் என்ன செய்துவிட்டுப் போகலாம் என்பதற்கு எங்கள் பக்கத்திலேயே இருக்கும் உதாரணம் இது.

பரீட்சையில் நடப்பு விவகாரத்தின் இடம்

பரீட்சையைப் பரீட்சைத் திணைக்களம் நடத்துகிறது. நியமன அதிகாரம் அரசாங்க சேவை ஆணைக்குழுவுக்கு உரியது. நுண்ணறிவுக்கு அடுத்தபடியாகப் பலரைக் கவிழ்ப்பது இலங்கையின் சமூக, பொருளாதார, அரசியல் பின்னணியும் உலகப் போக்குகளும் பற்றிய பகுதி. வயதெல்லை, தாள்களின் அமைப்பு, புள்ளிகள் ஆகியவை காலத்துக்குக் காலம் மாறும். முகநூலில் யாரோ போட்ட பழைய விபரத்தை நம்பாமல், அந்தந்த முறை வெளிவரும் வர்த்தமானி அறிவித்தலை முழுதாக வாசியுங்கள். தமிழ் மொழிமூலம் எழுதலாம். தெரிவாகிறவர்களுக்குப் பயிற்சி கொழும்பில் உள்ள இலங்கை அபிவிருத்தி நிர்வாக நிறுவகத்தில்.

இந்தப் பகுதியில் "யார், எப்போது" என்று மட்டும் தெரிந்தவருக்குச் சில புள்ளிகள் கிடைக்கும். "ஏன், அதனால் என்ன" என்று எழுதத் தெரிந்தவர்தான் தெரிவாகிறார்.

தமிழ்நாட்டுப் புத்தகமும் எங்கள் வினாத்தாளும்

தமிழில் நடப்பு விவகாரத்துக்கு நல்ல நூல்களும் காணொளிகளும் அதிகம் வருவது தமிழ்நாட்டிலிருந்துதான். அங்கே இந்தியக் குடிமைப் பணித் தேர்வுக்கும் மாநிலத் தேர்வாணையத் தேர்வுகளுக்கும் இலட்சக்கணக்கானோர் படிப்பதால் அதற்கு ஒரு சந்தை இருக்கிறது. எங்கள் பிள்ளைகளும் தொலைபேசியில் அவற்றையே பார்க்கிறார்கள். உலக விவகாரத்துக்குப் பார்க்கலாம், பிழையில்லை. ஆனால் சொற்களில் ஒரு பொறி இருக்கிறது.

இந்தியாவில் நாட்டின் அதியுயர்ந்த நீதிமன்றம் உச்ச நீதிமன்றம். அதற்குக் கீழே மாநிலத்தில் உள்ளது உயர் நீதிமன்றம். எங்கள் அரசியலமைப்பின் தமிழில் அதியுயர்ந்ததே உயர் நீதிமன்றம். அதன் கீழ் மேன்முறையீட்டு நீதிமன்றம், அதன் கீழ் மேல் நீதிமன்றம். இந்தியப் பழக்கத்தில் "உயர் நீதிமன்றம்" என்று வாசித்து அதை இரண்டாம் படியாக எண்ணிக்கொண்டால் விடை முழுவதும் சரிந்துவிடும். ஒரு மாதிரித் தாளில் என் மாணவர்கள் நால்வருக்கு இது நடந்தது.

இன்னும் சில: அங்கே அரசிதழ், இங்கே வர்த்தமானி. அங்கே மாவட்ட ஆட்சியர், இங்கே மாவட்டச் செயலாளர் அல்லது அரசாங்க அதிபர். அங்கே உள்ளாட்சி, இங்கே உள்ளூராட்சி. அங்கே நிதிநிலை அறிக்கை, இங்கே வரவு செலவுத் திட்டம். அங்கே மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, இங்கே குடிசன மதிப்பீடு. ஆளுநர் இரு நாட்டிலும் உண்டு, ஆனால் அவருக்குப் பின்னால் நிற்பது ஒரே அரசியலமைப்பு அல்ல. இந்தியாவில் மாநிலங்கள். எங்களுக்கு 13ஆவது திருத்தம் தந்த மாகாண சபைகள்.

வேரோடு படிக்க வேண்டிய ஐந்து விடயங்கள்

*ஒன்று: அரசியலமைப்புத் திருத்தங்கள்.* அரசாங்க சேவை ஆணைக்குழுவின் சுதந்திரம் எப்படி ஊஞ்சல் ஆடியது என்பதை ஒரு கோட்டில் எழுதிப் பாருங்கள். 2001இல் 17ஆவது திருத்தம் அரசியலமைப்புப் பேரவையைக் கொண்டுவந்தது. ஆணைக்குழுக்களுக்கு யாரை நியமிப்பது என்பதில் சனாதிபதியின் கை கட்டப்பட்டது. 2010இல் 18ஆவது அதை எடுத்துவிட்டுப் பாராளுமன்றப் பேரவையை வைத்தது. 2015இல் 19ஆவது அரசியலமைப்புப் பேரவையைத் திருப்பிக் கொடுத்தது. 2020 ஒக்டோபரில் 20ஆவது மறுபடி பறித்தது. 2022 ஒக்டோபரில் 21ஆவது மறுபடி கொடுத்தது. கடைசித் திருத்தத்தில் ஒரு சிக்கல்: பாராளுமன்றத்துக்கு வந்தபோது அந்தச் சட்டமூலத்தின் பெயர் 22ஆவது திருத்தம். நிறைவேறிய பின் அது 21ஆவது. பத்திரிகையை மட்டும் வாசித்தவர் குழம்புவார்.

இது வெறும் இலக்கக் கணக்கு அல்ல. நாளை நீங்கள் பிரதேச செயலாளராக இருந்து, அரசியல்வாதி ஒருவர் சொன்னதைச் செய்ய மறுத்தால், உங்களை இடம் மாற்றும் அதிகாரம் யாரிடம் இருக்கும் என்பதன் வரலாறு இது.

*இரண்டு: மொழி.* 1956இன் 33ஆம் இலக்கச் சட்டம் சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கியது. 1958இல் தமிழ் மொழி விசேட ஏற்பாடுகள் சட்டம் வந்தது. 1978 அரசியலமைப்பு தமிழைத் தேசிய மொழி என்றது. 1987இல் 13ஆவது திருத்தம் "தமிழும் அரசகரும மொழி" என்றது. 1988இல் 16ஆவது திருத்தம் நிர்வாக மொழி பற்றிய ஏற்பாடுகளைத் தெளிவாக்கியது. 1991இல் அரசகரும மொழிகள் ஆணைக்குழுச் சட்டம். 2007இல் வந்த அரசாங்க நிர்வாகச் சுற்றறிக்கை, புதிதாகச் சேரும் உத்தியோகத்தர் குறித்த காலத்துக்குள் மற்ற மொழியில் தேர்ச்சி பெற வேண்டும் என்றது.

சட்டத்தில் எல்லாம் இருக்கிறது. ஆனால் சுனாமிக்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு ஓர் அலுவலகத்திலிருந்து வந்த கடிதம் சிங்களத்தில் இருந்தது. வாப்பா அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, சிங்களம் வாசிக்கத் தெரிந்த ஆளைத் தேடி இரண்டு நாள் அலைந்தார். கடைசியில் கல்முனை பஸாரில் பேக்கரி வைத்திருந்த ஒருவர் வாசித்துச் சொன்னார். வீடு பற்றிய விசாரணைக்கு வரச் சொன்ன கடிதம். அதில் இருந்த திகதி முந்தின நாளோடு முடிந்திருந்தது. 1987ஆம் ஆண்டுத் திருத்தத்தை நான் கரும்பலகையில் எழுதும்போது அந்தக் கடிதத்தைத்தான் நினைக்கிறேன். அமுலாக்கம் என்று வினாத்தாள் கேட்பது இதைத்தான்.

*மூன்று: அனர்த்தமும் பகிர்வும்.* 2004 டிசம்பர் 26 சுனாமியில் நாட்டிலேயே அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். 2005 ஜூன் 24ஆம் திகதி அரசாங்கமும் விடுதலைப் புலிகளும் பொதுக்கட்டமைப்பு உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. பெரும் இழப்பைச் சந்தித்த முஸ்லிம்கள் அதில் ஒரு தரப்பாகக் கையெழுத்திடவில்லை. ஜூலை 15ஆம் திகதி உயர் நீதிமன்றம் அதன் முக்கிய பகுதிகளுக்கு இடைக்காலத் தடை விதித்தது. அதோடு அது நின்றுபோனது.

அக்கரைப்பற்றுக்கு அருகே நுரைச்சோலையில் சவூதி அரேபியாவின் உதவியில் 500 வீடுகள் கட்டப்பட்டன. எந்த விகிதத்தில் யாருக்குப் பகிர்வது என்ற வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. வீடில்லாதவர்கள் ஒருபக்கம் இருக்க, கட்டி முடித்த வீடுகள் ஆண்டுக்கணக்கில் பற்றை படர்ந்து கிடந்தன. தேவையின் அடிப்படையில் பகிர்வதா, இன விகிதாசாரத்தில் பகிர்வதா என்ற கேள்விக்கு இதைவிடக் கூர்மையான உதாரணம் எந்தப் பாடநூலிலும் இல்லை.

சுனாமிக்குப் பின் வந்தது 2005இன் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம். ஆனாலும் 2024 நவம்பர் வெள்ளத்தில், காரைதீவு – மாவடிப்பள்ளி வீதியில் மத்ரசா மாணவர்களை ஏற்றி வந்த உழவு இயந்திரத்தை வெள்ளம் அள்ளிக்கொண்டு போனது. பிள்ளைகளின் ஜனாஸாக்களைத் தேடிய அந்த நாட்களை இந்தக் கரையில் யாரும் மறக்கவில்லை. அடுத்த வகுப்பில் நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: "நீங்கள் அந்தப் பிரதேசத்தின் செயலாளர். வீதியில் தண்ணீர் ஏறுகிறது. எந்த மணிக்கு, யாரோடு பேசி, எதை மூடுவீர்கள்?" அன்று யாரும் குறிப்புக் கொப்பியைப் பார்க்கவில்லை.

*நான்கு: பொருளாதாரம்.* 2022 ஏப்ரல் 12இல் அரசாங்கம் வெளிநாட்டுக் கடன் மீளச் செலுத்துவதை இடைநிறுத்தியது. ஜூலை 9இல் மக்கள் சனாதிபதி மாளிகைக்குள் புகுந்தனர். 14இல் கோட்டாபய ராஜபக்ச பதவி விலகினார். 20இல் பாராளுமன்றம் ரணில் விக்கிரமசிங்கவைத் தெரிவு செய்தது. அந்த செப்டெம்பரில் கொழும்புப் பணவீக்கம் 70 வீதத்தை நெருங்கியது. 2023 மார்ச் 20இல் சர்வதேச நாணய நிதியம் ஏறத்தாழ 300 கோடி டொலர் பெறுமதியான 48 மாத வசதிக்கு அனுமதி தந்தது. அதே ஆண்டு 16ஆம் இலக்க மத்திய வங்கிச் சட்டம் வந்தது. 2024 செப்டெம்பர் 21 சனாதிபதித் தேர்தலில் முதல் தடவையாக இரண்டாம் விருப்பு வாக்குகளும் எண்ணப்பட்டு அநுர குமார திசாநாயக்க தெரிவானார். நவம்பர் 14 பொதுத் தேர்தலில் அவருடைய தேசிய மக்கள் சக்தி 225இல் 159 ஆசனங்கள் பெற்றது.

இவற்றைத் திகதிக் கோவையாக மட்டும் எழுதாதீர்கள். டொலர் தட்டுப்பாடு எரிபொருள் வரிசையானது. மண்ணெண்ணெய் இல்லாமல் கல்முனைக்குடிக் கரையில் தோணிகள் தரையில் கிடந்தன. நூல் விலை ஏறி மருதமுனைத் தறிகள் ஓய்ந்தன. 2021இல் இரசாயன உர இறக்குமதியை ஒரேயடியாக நிறுத்திய முடிவு சம்மாந்துறை வயலில் எப்படித் தெரிந்தது என்று எழுதுகிறவரின் விடையில்தான் பகுப்பாய்வு இருக்கும்.

*ஐந்து: பொறுப்புக்கூறல்.* காணாமற்போனோர் பற்றிய அலுவலகம் 2016இன் 14ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தது. இழப்பீடுகளுக்கான அலுவலகம் 2018இன் 34ஆம் இலக்கச் சட்டத்தால். 2016இலேயே இன்னொரு ஏற்பாடும் வந்தது: ஒருவர் இறந்தார் என்று சொல்லாமல், காணக்கிடைக்கவில்லை என்று மட்டும் உறுதிப்படுத்தும் சான்றிதழ். மரணச் சான்றிதழுக்குச் சம்மதிக்க மனம் வராத குடும்பங்கள் காணி, வங்கி அலுவல்களைச் செய்ய அது வழிவிட்டது. ஐ.நா. மனித உரிமைகள் பேரவையில் 2015இன் 30/1, 2021இன் 46/1, 2022இன் 51/1 ஆகிய தீர்மானங்களை வரிசையாக அறிந்திருங்கள். முதலாவதற்கு இலங்கை இணை அனுசரணை வழங்கியது, பின்னர் 2020இல் அதிலிருந்து விலகியது.

இந்தப் பாடம் நடந்த மாலையில் பாண்டிருப்புப் பிள்ளை ஒருத்தி எழுதுவதை நிறுத்திவிட்டாள். "சேர், எங்கட மாமா தொண்ணூறாம் ஆண்டு போனவர். அம்மம்மா இன்னும் அவருக்குச் சோறு எடுத்து வைக்கிறவ. இதை நான் சட்ட இலக்கமாகவா எழுதுறது?" என்று கேட்டாள். எனக்கு உடனே பதில் வரவில்லை. என் வாப்பாவின் தம்பியும் அதே 1990 ஜூலையில் மட்டக்களப்பு வீதியால் வந்துகொண்டிருந்தபோது காணாமற்போனவர்தான். அவளுடைய மாமாவைக் கொண்டுபோனவர்களும் என் சாச்சாவைக் கொண்டுபோனவர்களும் ஒரே தரப்பினர் அல்லர். அன்று அந்தப் பாயில் நாங்கள் இருவரும் ஒரே பக்கத்தில் இருந்தோம். "இலக்கத்தை எழுதுங்க மகள். அந்த இலக்கம் இருக்கிறதாலதான் அம்மம்மாவால ஒரு கதவைத் தட்ட முடியும். பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணினா அந்தக் கதவுக்குப் பின்னால நீங்க இருக்கலாம்" என்றேன்.

ஊர்ப் பிரச்சினையை எப்படி எழுதுவது

நேர்முகத்தில் கல்முனைப் பக்கம் என்றதும் கேட்கக்கூடியது எல்லை நிர்ணயம். வரலாறு இது: முன்னர் கல்முனைப் பட்டின சபையும் கரைவாகு வடக்கு, தெற்கு, மேற்குக் கிராம சபைகளும் தனித்தனியே இருந்தன. 1987இல் பிரதேச சபை முறை வந்தபோது இவை ஒன்றாக்கப்பட்டன. கல்முனை வடக்கு உப பிரதேச செயலகத்தை முழுமையான செயலகமாகத் தரமுயர்த்த வேண்டும் என்பது தமிழ் மக்களின் நீண்ட காலக் கோரிக்கை. 2019 ஜூனில் அதற்காக உண்ணாவிரதம் நடந்தது. நிலத்தொடர்பும் எல்லையும் பற்றிய முஸ்லிம் மக்களின் ஆட்சேபமும் அதே அளவு பழையது. சாய்ந்தமருதுக்குத் தனி உள்ளூராட்சி சபை என்ற கோரிக்கை 2020 பெப்ரவரியில் வர்த்தமானி வரை வந்து உடனேயே நிறுத்தப்பட்டது.

என் வகுப்பில் இரு பக்கமும் இருக்கிறது. அதனால் ஒரு விதி வைத்திருக்கிறேன். தமிழ்ப் பிள்ளை முஸ்லிம் தரப்பின் வாதத்தையும், முஸ்லிம் பிள்ளை தமிழ்த் தரப்பின் வாதத்தையும் ஒரு பக்கத்தில் எழுத வேண்டும். மற்றவர் அதை வாசித்து, "ஓம், நாங்கள் சொல்வது இதுதான்" என்று ஒப்புக்கொண்டால்தான் புள்ளி. முதல் மாதம் யாருக்கும் புள்ளி கிடைக்கவில்லை. இப்போது கிடைக்கிறது. 2012 குடிசன மதிப்பீட்டின்படி அம்பாறை மாவட்டத்தில் முஸ்லிம்கள் 43 வீதத்துக்கு மேல், சிங்களவர் 39 வீதமளவில், தமிழர் 17 வீதமளவில். இந்த மாவட்டத்தில் எந்தக் கதிரையில் இருந்தாலும், உங்கள் முன்னால் வந்து நிற்பவர் பெரும்பாலும் வேறு சமூகத்தவராகத்தான் இருப்பார்.

படிக்கும் முறை

மூன்று கொப்பி போதும்.

முதலாவது நாட்கொப்பி. ஒரு நாளுக்கு மூன்று செய்தி, ஒவ்வொன்றும் இரண்டு வரி. அதற்கு மேல் எழுதினால் ஒரு மாதத்தில் கைவிட்டுவிடுவீர்கள்.

இரண்டாவது வேர்க்கொப்பி. வாரத்தில் ஒரு செய்தியை எடுத்து நான்கு கேள்விக்கு விடை எழுதுங்கள்: இதற்கு அடியில் இருக்கும் சட்டம் எது? இதற்கு முன் என்ன நடந்தது? யாருக்கு இலாபம், யாருக்கு நட்டம்? நான் அதிகாரியாக இருந்தால் நாளைக் காலை என்ன செய்வேன்? உதாரணமாக, மாகாண சபைத் தேர்தல் பற்றி ஒரு செய்தி வந்தால் 1987க்குப் போங்கள். 2006 ஒக்டோபரில் வடக்கு கிழக்கு இணைப்புச் செல்லாது என்று உயர் நீதிமன்றம் தீர்த்ததையும், 2008 மே மாதம் கிழக்குக்கு முதல் தனித் தேர்தல் நடந்ததையும், 2017 செப்டெம்பரோடு அந்தச் சபையின் காலம் முடிந்ததையும் எழுதுங்கள். ஒரு செய்தி முப்பது ஆண்டு வரலாறாகிவிடும்.

மூன்றாவது சொற்கொப்பி. ஒவ்வொரு நிர்வாகச் சொல்லுக்கும் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றும். சிங்களத்தைத் தவிர்க்க வேண்டாம். சிங்களம் தெரிந்த தமிழ் பேசும் அதிகாரி இரண்டு மக்களுக்கும் கடிதம் எழுதலாம். வாப்பாவின் கடிதத்தை அனுப்பியவருக்குத் தமிழ் தெரிந்திருந்தால் அவர் அலைந்திருக்க மாட்டார் என்பதும் இதே கணக்குத்தான்.

மூலங்களை நேரடியாக வாசியுங்கள்: வர்த்தமானி, வரவு செலவுத் திட்ட உரை, மத்திய வங்கியின் வருடாந்தப் பொருளாதார மீளாய்வு, பாராளுமன்ற ஹன்சாட். வாட்ஸ்அப்பில் வரும் "முக்கிய 100 வினா விடை"களில் பிழை மலிந்திருக்கும். சந்தேகம் வந்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2016இன் 12ஆம் இலக்கம், உங்களுக்கும் உண்டு. என் மாணவன் ஒருவன் தன் ஊர் வடிகான் பற்றி அந்தச் சட்டத்தின் கீழ் விண்ணப்பம் எழுதினான். பதிலும் வந்தது. வடிகான் இன்னும் சரியாகவில்லை, ஆனால் அந்தச் சட்டத்தை அவன் இனி மறக்க மாட்டான்.

எல்லோரும் தெரிவாக முடியாது. நானே தெரிவாகாதவன். ஆனால் இந்தப் படிப்பு வீண் போவதில்லை. போன மாதம் பெரியநீலாவணையில் ஒரு வயோதிப மாதுக்கு வந்த அரச கடிதத்தை வாசித்துச் சொல்லி, அதற்குப் பதிலும் எழுதிக் கொடுத்தவன் எங்கள் வகுப்பில் இரண்டு தடவை பரீட்சை தவறியவன். கடிதத்தில் இருந்த திகதிக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது.